கிணற்றைப் பார்த்த பிறகு அறையைப் பாருங்கள்: அறிவியல் நகருக்குப் படிக்க வருபவர்களுக்கு

பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் பாயசம் காய்ச்சுவார்கள். மறுநாளே, "பிள்ளை எங்கே தங்கப் போகிறது?" என்ற கேள்வி வந்துவிடும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. இங்கு வரும் பிள்ளைகளில் பலர் அதற்கு முன் வன்னிக்குள் கால் வைத்ததே இல்லை. ஏ9 வீதியை வரைபடத்தில் பார்த்து, நகரத்திலிருந்து பீடத்துக்கு எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து, அறை எடுத்துவிடுகிறார்கள். ஹட்டனிலிருந்து பொறியியல் படிக்க வந்த நானும் அப்படித்தான் செய்தேன்.

நான்கு ஆண்டுப் படிப்பில் முதலாம் ஆண்டும் இறுதி ஆண்டும் விடுதியில் இருந்தேன். நடுவில் இரண்டு ஆண்டுகள் வெளியே அறை எடுத்துத் தங்கினேன். படித்து முடித்து இங்கேயே வேலையும் கிடைத்துவிட்டதால், ஒவ்வொரு புதிய அணி வரும்போதும் யாராவது ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்து, "அக்கா, விடுதியா, வெளியிலா?" என்று கேட்கிறாள். அவர்களுக்குச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். வன்னியில் தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, ஆவணி மாதத்தில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்ற இரண்டு கணக்காலும் அளந்து பாருங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

முதலில் விடுதிக்கு விண்ணப்பியுங்கள்

வெளியே தங்குவதென்று ஏற்கெனவே மனதில் முடிவெடுத்திருந்தாலும் விடுதி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். இடம் கிடைத்தபின் வேண்டாம் என்று சொல்ல முடியும். விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு நடுத் தவணையில் போய் நின்றால் கட்டில் இருக்காது. நமது பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் இறுதி ஆண்டு மாணவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அதற்குள்ளும் வீட்டின் தூரமும் குடும்ப வருமானமும் பார்க்கப்படும். எனவே கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழையும் வருமானச் சான்றையும் ஊரை விட்டுப் புறப்படும் முன்பே வாங்கி, பிரதிகளும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இங்கு வந்த பிறகு ஒரு கையொப்பத்துக்காக மலையகத்துக்கோ அம்பாறைக்கோ திரும்பிப் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் அலைச்சல் என்று பல நாள் விரிவுரை போய்விடும். பரீட்சை எழுத 80 சதவீத வருகை கேட்கும் படிப்பில் அது சிறிய இழப்பு இல்லை.

விடுதிப் பட்டியல் வெளிவரும்வரை எந்த வீட்டுக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். "இன்றைக்கே தராவிட்டால் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம்" என்று சொல்லும் வீட்டை விட்டுவிடலாம். வேறு வீடு கிடைக்கும்.

விடுதி எதைத் தரும், எதைக் கேட்கும்

விடுதிக் கட்டணம், வெளியே கொடுக்கும் வாடகைக்குப் பக்கத்திலும் வராது. கட்டில், மேசை, அலுமாரி இருக்கும். பல்கலைக்கழக இணையம் கிடைக்கும். நடந்தே விரிவுரைக்குப் போகலாம். மழைநாளில் ஆய்வுகூடத்துக்கு நனையாமல் போய்ச் சேர்ந்தவளுக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

விடுதி உங்களிடம் கேட்பது அமைதியை. ஓர் அறையில் நால்வர் இருந்தால் நால்வரின் உறக்கமும் நால்வரின் அலைபேசியும் அந்த அறைக்குள்தான். சோறு சமைக்கும் மின் அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. மாலையில் வாயில் மூடும் நேரம் உண்டு. பெண்கள் விடுதியில் அது இன்னும் இறுக்கம். முதலாம் ஆண்டில் எனக்கு அது சிறையாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் இருட்டு ஒழுங்கையில் தனியே நடந்த முதல் நாளில் அதே வாயிலை நினைத்துக்கொண்டேன்.

எந்தப் பீடம் என்பதையும் பாருங்கள். விவசாயப் பீடத்தில் வயல்வேலை வெயில் ஏறும் முன்பே தொடங்கிவிடும். காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்க வேண்டியவர் நகரத்தில் அறை எடுத்தால், பஸ்ஸுக்காக ஐந்து மணிக்கே வீதியில் நிற்க வேண்டும். அவருக்கு நான் யோசிக்காமல் விடுதியைத்தான் சொல்வேன். பொறியியலில் சிக்கல் மறுபுறம்: குழுவாகச் செய்யும் செயற்றிட்டங்கள் இரவு நெடுநேரம் நீளும். நால்வரும் ஒரே இடத்தில் தங்கியிருந்தால் வேலை நடக்கும். மூவர் விடுதியிலும் ஒருவர் கிளிநொச்சி நகரத்துக் கரடிப்போக்கிலும் இருந்தால் அந்த ஒருவர் எப்போதும் பாதி வேலையில் எழுந்து போக வேண்டிவரும்.

பகிடிவதைக்குப் பயந்து விடுதியை வேண்டாம் என்கிற பெற்றோர் பலர். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியறைகளில் வார்டனும் இல்லை, காவலாளியும் இல்லை. கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லாத இடத்தில்தான் துன்புறுத்தல் எளிது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது: இரண்டு ஆண்டுகள்வரை சிறை, பாலியல் தொல்லையோ கடும் காயமோ ஏற்பட்டால் பத்து ஆண்டுகள்வரை. எங்கு தங்கினாலும் முதல் வாரத்திலேயே வார்டனுடையதும் மாணவ ஆலோசகருடையதும் தொலைபேசி இலக்கங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எல்லோருக்கும் நடப்பதுதான், பொறுத்துக்கொள்" என்று சொல்பவர் மூத்த மாணவராகவே இருந்தாலும் அவர் சொல் கேட்க வேண்டியதில்லை.

வாடகையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்

மாத வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம். அதுதான் பிழை. ஒரு கல்வியாண்டில் பதினைந்து வார அரையாண்டு இரண்டு. பரீட்சையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்பது மாதம்தான் இங்கு இருப்பீர்கள். வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை போகும். உங்கள் பங்கு மாதம் 8,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 96,000. ஒன்பதால் வகுத்தால், நீங்கள் உண்மையில் தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,600 ரூபாவுக்கு மேல் வருகிறது. மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த 7,500 ரூபா முழுவதையும் கொடுத்தாலும் இந்த வாடகைக்கே போதாது. சாப்பாடு வேறு, பஸ் வேறு. உதவித்தொகையின் முதல் தவணை கைக்கு வரும்வரை வீட்டுக் காசில்தான் ஓட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பொறியியல் மாணவர்கள் தொழிற்பயிற்சிக்கென்று மாதக்கணக்கில் கொழும்புப் பக்கம் போக வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் இங்குள்ள அறையை விடுவதா, வாடகை கொடுத்துப் பிடித்து வைத்திருப்பதா என்று அறை எடுக்கும் நாளிலேயே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. கொழும்பில் ஒரு வாடகையும் கிளிநொச்சியில் ஒரு வாடகையுமாக அப்பாவிடம் காசு கேட்ட மாதங்களை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.

மின்கட்டணத்தில் ஒரு பொறி உண்டு. நம் நாட்டில் வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறும். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். மாதம் 60 அலகுக்குள் முடிக்கும் குடும்பத்தின் மீற்றரில் மூன்று மாணவிகளின் மின்விசிறியும் கணினியும் சேர்ந்தால், அந்தக் குடும்பத்தின் கட்டணம் இரட்டிப்பையும் தாண்டிப் போகலாம். பிறகு யார் எவ்வளவு கொடுப்பது என்று மனக்கசப்பு. அறைக்குத் தனியாகத் துணை மீற்றர் ஒன்று பூட்டச் சொல்லுங்கள். செலவைப் பாதி பாதியாகப் பகிர்ந்தாலும் சில மாதங்களிலேயே அது மிச்சமாகும்.

வீடு பார்க்கும் நாள்

ஹட்டனில் எங்கள் லயத்துக்குப் பீலியில் தண்ணீர் வரும். எந்த மாதமும் நின்று பார்த்ததில்லை. கிணறு என்றால் எனக்குப் பாடப்புத்தகப் படம். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒரு தை மாதம், ஏ9 வீதியின் 155ஆம் கட்டை (மைல்கல்) பக்கத்தில் கிறவல் ஒழுங்கை ஒன்றுக்குள் நானும் இரண்டு தோழிகளும் வீடு பார்க்கப் போனோம். கிணற்றில் கையை நீட்டினால் தொடலாம் போல் தண்ணீர் நின்றது. அறையில் காற்றோட்டம் இருந்தது. வீட்டுக்கார அன்ரியும் அன்பானவர். அன்றே முற்பணம் கொடுத்துவிட்டோம்.

மாரி முடிந்த தை மாசியில் வன்னியின் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். மாணவர்கள் வீடு தேடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆனியில் சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் நிலம் காய்கிறது. ஆவணியில் எங்கள் கிணற்றில் மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சியது. ஆளுக்கு இரண்டு வாளி என்று அன்ரி பங்கிட்டார். பரீட்சை வாரத்தில், தன் பங்கில் ஒரு வாளியை எங்கள் கதவடியில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். பக்கத்து வளவுக் குழாய்க் கிணற்றிலிருந்து இரவில் தண்ணீர் சுமந்து வந்து, அதன் பிறகு படிக்க உட்காருவோம். அந்த அரையாண்டில் ஒரு பாடம் எனக்குத் தவறிப்போனது.

கிணற்றை வாசிக்க ஓர் எளிய வழி அந்த அன்ரிதான் சொல்லித் தந்தார்: கயிற்றைப் பாருங்கள். தண்ணீர் இரண்டு முழ ஆழத்தில் நிற்கும்போது கப்பியில் பத்து முழக் கயிறு சுற்றிக் கிடந்தால், அந்த மிச்சக் கயிறு ஆவணிக்கானது. கிணற்றுக் கட்டின் உட்புறத்தில் பாசி எதுவரை இறங்கியிருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். பிறகு வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம், "போன வருடம் எந்த மாதம் தண்ணீர் வற்றியது?" என்று கேளுங்கள். வற்றியதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எந்த மாதம் என்று கேட்டால் மாதத்தைச் சொல்வார்கள்.

குடிநீர் வேறு கதை. குளிக்க நல்ல தண்ணீர் எல்லாம் குடிக்க நல்ல தண்ணீர் ஆகாது. சில கிணறுகளில் கொதிக்க வைத்த கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தடித்துப் போகும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் இன்னும் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் பதிவாகியிருப்பதால், அங்கு சுத்திகரித்த தண்ணீர் விற்கும் நிலையங்களில் கலன் கொண்டுபோய் நிரப்புவது வழக்கமாகிவிட்டது. வீட்டார் எதைக் குடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களே வெளியிலிருந்து வாங்கினால் நீங்களும் வாங்குங்கள். அந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது மழை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான் எங்கள் மழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் பல வீடுகளுக்குள் புகுந்தது. "2018 டிசம்பரில் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, எதுவரை?" என்று கேளுங்கள். யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுவரைத் தொட்டே காட்டுவார்கள். வாய்க்கால் ஓரத்து வீடு, பள்ளத்து வளவு, கிறவல் ஒழுங்கையின் கடைசி வீடு ஆகியவற்றில் மார்கழியில் சைக்கிளும் போகாது.

கூரை ஓடா, சீற்றா, தகரமா என்று பாருங்கள். தகரக் கூரையின் கீழ் சித்திரை மதியத்தில் படிக்க முடியாது. பரீட்சைக்கு முன் மூளை வேக வேண்டியது பாடத்தில், வெயிலில் இல்லை. இங்குள்ள வீடுகளில் பல, போர் முடிந்தபின் வீட்டுத்திட்டத்தில் கட்டியவை. இரண்டு அறை, ஒரு விறாந்தை, சமையலறை என்று சிறியவை. பின்னால் ஓர் அறை சேர்த்து மாணவர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த அறைக்குத் தனி வாசலும் தனி மலசலகூடமும் உண்டா, இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் விளக்கு உண்டா என்று பாருங்கள்.

கட்டில் இல்லாத அறை என்றால் கட்டில் கேளுங்கள், இல்லாவிட்டால் வாங்குங்கள். உலர்வலயத்தில் கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தரையில் உறங்குபவர்களுக்குத்தான், அதுவும் நள்ளிரவில். கடித்தது சில நேரம் வலிக்கவே வலிக்காது. நுளம்பு வலையை மெத்தையின் அடியில் செருகிக்கொண்டு படுங்கள். வீட்டைச் சுற்றிப் பற்றை வளர விடாதீர்கள். சந்தேகம் வந்தால் காலைவரை காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். அதற்காக உங்கள் வீட்டுக்கு வரும் வழியை, எந்தச் சந்தி, எந்தக் கோயில், எத்தனையாவது ஒழுங்கை என்று ஒரு வரியில் சொல்லப் பழகி வைத்திருங்கள்.

பகலில் பார்த்த வீட்டை ஒருமுறை இரவு ஏழு மணிக்கும் போய்ப் பாருங்கள். பீடத்தில் கடைசி வகுப்பு முடியும் நேரத்துக்குப் புறப்பட்டு, பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி, அந்த ஒழுங்கையில் நடந்தே போங்கள். ஏ9இல் பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் இருட்டிய பிறகு தூர இடத்து பஸ்கள் கைகாட்டினாலும் நிற்காமல் போவதுண்டு. முச்சக்கர வண்டிக்கு நாள்தோறும் கொடுக்க நம்மிடம் காசு இல்லை. அறிவியல் நகரில் புகையிரதம் நிற்கும் என்றாலும் எல்லா வண்டியும் நிற்காது. ஊரிலிருந்து பெட்டிகளோடு வருபவர்கள் கிளிநொச்சியில் இறங்குவதே நல்லது. சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டால் இரணைமடுச் சந்திக்கும் பீடத்துக்கும் இடையில் எங்கு தங்கினாலும் சமாளிக்கலாம். ஆனால் ஏ9இல் இரவில் சைக்கிள் ஓட்டுவதென்றால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். பாரவண்டிகளின் வேகம் உங்களுக்குத் தெரியாது.

வீட்டாரோடு பேசுவது

வாடகை, முற்பணம், எத்தனை மாத முன்னறிவிப்பு, விருந்தினர் வரலாமா, சமைக்கலாமா, கதவு பூட்டும் நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். இது அவமரியாதை இல்லை. "அன்ரி, அப்பா கேட்டார், அதுதான் எழுதுகிறோம்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். இங்கே பல வீடுகளைத் தனியொரு பெண் தாங்குகிறார். கணவரோ மகனோ இல்லாமல் போன கதை அந்தச் சுவரில் தொங்கும் படத்தில் இருக்கும். நீங்களாகக் கேட்காதீர்கள்; அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வாடகை அந்த வீட்டின் அரிசி. ஐந்தாம் திகதி தருகிறேன் என்றால் ஐந்தாம் திகதியே கொடுங்கள்.

நாட்டின் தெற்கிலிருந்து அறிவியல் நகருக்கு வரும் சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் பலர். அவர்களுக்கு முதல் ஆண்டில் விடுதிதான் எளிது. பிறகு வெளியே போக விரும்பினால் தமிழ் பேசும் தோழர் ஒருவரோடு சேர்ந்து வீடு பார்க்கட்டும். ஒரே அறையில் ஹலால் சமைப்பவரும் மச்சமே தொடாதவரும் இருந்தால் சட்டியும் அகப்பையும் இரண்டாக இருக்கட்டும். இதை முதல் நாளே பேசினால் பிறகு பிரச்சினை இல்லை.

வவுனியாவுக்குப் போகிறவர்களுக்குச் சிறு குறிப்பு

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அது மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது, நகரத்திலிருந்து தூரம். குருமன்காட்டிலோ வேப்பங்குளத்திலோ அறை எடுத்தால் கடைகளும் மருத்துவமனையும் கிட்ட, ஆனால் காலை பஸ் நெரிசலில் நின்றுதான் போக வேண்டும். பம்பைமடுப் பக்கம் எடுத்தால் வகுப்பு கிட்ட, கடை தூரம். தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டும் கல்லூரி விடுதிதான். தெரிவு செய்ய ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சிக்குப் போகும்போதுதான் அறை தேட வேண்டும். அப்போது கிணறும் பஸ்ஸும் முன்னுக்கு வரும். மேலே எழுதியவை அன்றைக்கு உதவும்.

என் கருத்து

முதலாம் ஆண்டு விடுதி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் தெரியாது, ஆள் தெரியாது, எந்தக் கடையில் சாப்பாட்டுப் பார்சல் வயிற்றுக்கு ஒத்துவரும் என்றும் தெரியாது. அந்த ஆண்டில் ஆவணியையும் மார்கழியையும் ஒருமுறை இங்கிருந்து பார்த்துவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் விடுதி கிடைக்காவிட்டாலும் கலங்க வேண்டாம்; பழகிய இரண்டு மூன்று பேர் சேர்ந்து பீடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு எடுங்கள். நகரத்து அறை அழகாக இருக்கிறதென்று தூரம் போகாதீர்கள். இறுதி ஆண்டில் ஆய்வுத் திட்டம் வந்துவிடும். அப்போது விடுதி தந்தால் மறுபேச்சின்றித் திரும்பிப் போங்கள்.

ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நோய் உள்ளவர்கள், நாலு பேர் நடுவே உறங்கவே முடியாதவர்கள், வீட்டுக்குக் காசு அனுப்பவென்று மாலையில் வகுப்பு எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வரிசை பொருந்தாது. உங்கள் உடலும் குடும்பமும் எதைத் தாங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். வார்டனிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாததை அவர் அறிய வழியில்லை.

அறையை விட்டுப் போகும் நாளில் மீற்றரின் கடைசி எண்ணை வீட்டாரோடு சேர்ந்து பார்த்து எழுதி, மிச்சக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு முற்பணக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்த இடங்களை அடைத்து, அறையைக் கூட்டிக் கழுவிக் கொடுங்கள். அதே அறைக்கு வரப்போகும் பிள்ளை யாரென்று தெரிந்தால், அவளை ஒருமுறை கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் கயிற்றைக் காட்டுங்கள்.